பதினேழாம் நம்பர் சிஸ்டம்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க அக்கா, எனக்கு வேண்டாம். நான் வேடிக்கை பார்க்கற ஆள் இல்ல, பேசிட்டு வர்ற ஆள். திருச்சி வரைக்கும்தானே? நானும் அங்கதான். இந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கறேன், மேல போட்டா கசங்கிடும். உள்ள ஒரு மனு இருக்கு. ஆறு பக்கம். ஒரு வரி கூட யாரும் சொல்லித் தரல, எல்லாம் என் சொந்தம்.

எங்க காலேஜை நடத்தற டிரஸ்ட்டோட ஆபீஸ் திருச்சியில இருக்கு, அங்க குடுக்கப் போறேன். என் ரூம்மேட் ஜெசிந்தான்னு ஒருத்தி. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கா. அதை ரத்து பண்ண வைக்கணும். இல்லன்னா படிப்பு முடிஞ்சு போறப்ப அவ நடத்தைச் சான்றிதழ்ல 'நன்று'ன்னு வர வேண்டிய இடத்துல 'திருப்திகரம்'னு போடுவாங்க. மேல படிக்கப் போற இடத்துல அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தா என்ன நினைப்பான்? இவ என்னமோ பண்ணியிருக்கான்னுதானே நினைப்பான்? நீங்களே சொல்லுங்க. இருங்க, முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க காலேஜ்ல ஒரு சர்வர் இருக்கு. பரீட்சைக்குப் பதியறது, ஹால் டிக்கெட் எடுக்கறது, வருகைப் பதிவு எல்லாமே அதுலதான். ஆயுத பூஜை லீவு முடிஞ்சு வந்தா அது தினம் படுக்க ஆரம்பிச்சுது. காலைல எட்டு இருபதுக்குப் படுக்கும். மத்தியானம் ஒண்ணு ஆகப் பத்து நிமிஷம் இருக்கறப்ப படுக்கும். சாயந்தரம் நாலே முக்காலுக்குப் படுக்கும். கொஞ்ச நேரத்துல தானா எழுந்துக்கும். பரீட்சைப் பதிவுக்குக் கடைசி நாள் நெருங்குது, ஆயிரத்து இருநூறு பேர் போனைக் கையில வச்சுக்கிட்டு வட்டம் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

காலேஜ் என்ன பண்ணணும்? ஏன் படுக்குதுன்னு பார்க்கணும். எங்க காலேஜ் என்ன பண்ணுச்சு? யார் படுக்க வச்சதுன்னு பார்த்துச்சு. சர்வர்ல குறிப்பு இருக்கும்ல, நெட்வொர்க்ல ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு, எந்த நம்பர்லேர்ந்து என்ன வந்துச்சுன்னு. அதுல பார்த்தா எல்லாம் லேப்ல இருக்கற பதினேழாம் நம்பர் சிஸ்டத்தோட நம்பர். லேப் ரெஜிஸ்டரைப் பிரிச்சா, பதினேழுக்கு எதிர்ல தினமும் ஒரே கையெழுத்து. ஆ. ஜெசிந்தா, நாலாம் வருஷம். கூப்பிட்டாங்க, நிக்க வச்சாங்க. "சர்வரைத் தாக்கினது நீதான்"னாங்க.

நான் சும்மா விடுவேனா? ஒழுங்குக் குழுவுக்குத் தலைவர் துரைக்கண்ணு சார். அவர் ரூம் வாசல்லயே பிடிச்சுக்கிட்டேன். "சார், மத்தியானம் அந்த நேரத்துல அவ என்கூட மெஸ்ல எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. வாயில சாதம், கையில ஊறுகாய். எந்தக் கையால சார் தாக்குவா?"ன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தானா ஓடற மாதிரி புரோகிராம் போட்டு வச்சுட்டுப் போயிருக்கலாமேம்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் சர்வர் நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை இந்தப் பொண்ணு லேப்புக்கு வர்றதில்ல. கணக்கு சரியா இருக்குல்ல?"

அந்த லாஜிக்கைப் பாருங்க அக்கா! ஞாயித்துக்கிழமை அவரும்தான் காலேஜுக்கு வர்றதில்ல. அப்ப அவர்தான் தாக்கினாரா? இதை அப்படியே அவர்கிட்டயே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுன்னு ஜெசிந்தா சொன்னா. ஏன் கேக்கக் கூடாது? திங்கக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணைன்னு போர்டுல ஒட்டிட்டாங்க.

சரி, ஏன் படுக்குதுன்னு நாங்களே கண்டுபிடிக்கறதுன்னு முடிவு பண்ணினோம். நாங்கன்னா நானும் அவளும். நான் ஒழுங்குக் குழுவோட விதிமுறை, மாணவர் கையேடு, போன வருஷத்து சுற்றறிக்கை எல்லாத்தையும் தேடிப் படிச்சேன். அவ சர்வரைப் பார்த்தா. வேலையைப் பிரிச்சுக்கிட்டோம்.

அவ பார்த்தது இதுதான். சர்வர் படுக்கறப்ப அதுக்கு வந்துக்கிட்டிருந்த சமாச்சாரம் ரொம்பக் கொஞ்சம். ஆயிரம் பேர் மோதி மூச்சு முட்டற கதை இல்ல. கொஞ்சூண்டுதான் வருது, ஆனா சர்வரோட மூளை நூத்துக்கு நூறும் வேற எதுலயோ மாட்டிக்கிட்டு இருக்கு.

இது உங்களுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது... நீங்க எங்க வேலை பார்க்கறீங்க? தாலுகா ஆபீஸா? தபால் பிரிவா! அட, அப்ப ரொம்ப சுலபம். ஒருத்தர் மனுவை நாலா எட்டாக் கிழிச்சு, ஒவ்வொரு துண்டா உங்க ஜன்னல்ல நீட்டறார்னு வைங்க. நெட்வொர்க்ல பெரிய சமாச்சாரம் அப்படித்தான் வரும், அதுல தப்பில்ல. ஒவ்வொரு துண்டுலயும் இது எத்தனையாவது துண்டுன்னு எழுதியிருக்கும். நீங்க எல்லாத்தையும் மேசையில வச்சுக்கிட்டு, முழுசா சேர்ந்ததும் ஒட்டி உள்ள அனுப்பணும். இப்ப, ஒருத்தர் துண்டு துண்டா குடுத்துக்கிட்டே இருக்கார், கடைசித் துண்டு மட்டும் வரவே மாட்டேங்குது. இன்னொரு மனு, அதுக்கும் கடைசித் துண்டு இல்ல. நீங்களும் தூக்கிப் போடாம குவிச்சுக்கிட்டே போறீங்க. அதோட புதுசா ஒரு துண்டு வந்தா, அதோட இடம் எதுன்னு பார்க்க குவியலோட அடியிலேர்ந்து ஒண்ணொண்ணா புரட்டறீங்க. ஒவ்வொரு துண்டுக்கும் முதல்லேர்ந்து! பின்னால வரிசையில முழு மனுவோட நிக்கறவன் கதி? அவனை நிமிர்ந்து பார்க்க உங்களுக்கு நேரமே இல்ல. ஜன்னல் திறந்துதான் இருக்கு, நீங்களும் உக்காந்துதான் இருக்கீங்க, ஆனா ஆபீஸ் மூடின மாதிரிதான்.

அதுதான் ஓட்டை. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ள நெட்வொர்க்கைக் கவனிச்சுக்கற பகுதி இருக்கே, அதுலயே இருக்கற ஓட்டை. உலகத்துக்கே தெரிஞ்ச ஓட்டை அக்கா! எப்பவோ கண்டுபிடிச்சு, அடைக்கறதுக்குப் புது வெர்ஷனும் குடுத்தாச்சு. எங்க காலேஜ் சர்வர்ல மட்டும் போடல. ஏன் போடலன்னா, சர்வரைத் தொடணும்னா எச்.ஓ.டி. வழியா பிரின்சிபாலுக்கு லெட்டர் போகணும், கையெழுத்தாகித் திரும்பி வரணும். லேப் டெக்னீஷியன் செம்புலிங்கம் அண்ணன் மூணு தடவை லெட்டர் எழுதியிருக்கார். மூணும் ஏதோ ஒரு மேசையில இருக்கு.

என்னது? முழுசா இல்லாத மனுவை நீங்க வச்சுக்கவே மாட்டீங்களா? திருப்பி அனுப்பிடுவீங்களா? அதேதான் அக்கா! அதேதான் பரிகாரமும். புது வெர்ஷன் போட முடியலன்னா, குவியலுக்கு ஒரு அளவு வச்சுடலாம். நாலு மெகாபைட் வரைக்கும் சேர்த்து வைன்னு இருக்கறதை கால் மெகாபைட்டாக் குறைச்சுட்டா, அதுக்கு மேல வர்ற துண்டை அது தூக்கிப் போட்டுடும். நல்ல மனு ஒண்ணு ரெண்டும் சேர்ந்து போகும், மறுபடி அனுப்பிக்க வேண்டியதுதான். ஆனா ஆபீஸ் நடக்கும். ரெண்டே ரெண்டு நம்பரை மாத்தணும், அவ்வளவுதான். உங்களுக்கு எவ்வளவு சட்டுனு தோணுது பாருங்க! எங்க எச்.ஓ.டி. மேடத்துக்கு இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. கடைசியில "லெட்டர் குடு"ன்னாங்க.

இதெல்லாம் சரி, துண்டு துண்டா அனுப்பறது யாரு? அதுவும் ஜெசிந்தாதான் பிடிச்சா. ஹாஸ்டல் வராந்தாவுல நின்னு தலை துவட்டிக்கிட்டு இருந்தவ திடீர்னு "ஏ மெய்யு, நாம கிளம்பறப்பதான் சர்வர் படுக்குது"ன்னா. நான் மெய்யம்மை, அவ மெய்யும்பா. "எட்டு இருபதுக்கு எல்லாரும் கிளம்பறோம். மத்தியானம் சாப்பிட வர்றோம். சாயந்தரம் திரும்பி வர்றோம். ஞாயித்துக்கிழமை தூங்கறோம்"னா. சொல்லிட்டு மேல பார்த்தா. வராந்தா மூலையில புதுசா மாட்டின கேமரா எங்களையே பார்த்துக்கிட்டு இருக்கு. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா படம் அனுப்பற கேமரா. கூட்டமா நடந்தா மூச்சு விடாம அனுப்பும். அனுப்பறதைத் துண்டு துண்டா அனுப்புது, கடைசித் துண்டை எங்கயோ கோட்டை விடுது.

ஆனா கேமராவுக்கு எப்படிப் பதினேழாம் சிஸ்டத்தோட நம்பர் வந்துச்சு? இங்கதான் அக்கா கூத்து. கேமரா மாட்ட ஆள் வந்தது ஆயுத பூஜை அன்னிக்கு. லீவு நாள்தானே, பொண்ணுங்க ஊருக்குப் போயிருப்பாங்க, வராந்தா காலியா இருக்கும்னு அன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க. லேப்ல அன்னிக்கு என்ன? எல்லா சிஸ்டத்தையும் அணைச்சு, துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு பூஜையில வச்சாச்சு. மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. செம்புலிங்கம் அண்ணன் ஒரு கையில பொரி, ஒரு கையில பூசணிக்காய். அந்த ஆள் வந்து "கேமராவுக்கு என்ன நம்பர் போடட்டும்?"னு கேட்டிருக்கான். எந்த நம்பர் யாருக்குன்னு அண்ணன் ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பார். அந்த நோட்டும் பூஜையில இருக்கு! "நெட்வொர்க்ல ஒவ்வொரு நம்பராக் கூப்பிட்டுப் பாருப்பா, பதில் வராத நம்பரா பார்த்துப் போட்டுக்க"ன்னுட்டார். அன்னிக்கு எது பதில் சொல்லும்? எல்லாம் பொட்டு வச்சுக்கிட்டுத் தூங்குது. அவன் பாட்டுக்கு ஒண்ணை எடுத்து மாட்டிட்டுப் போயிட்டான், அது பதினேழோட நம்பர்.

சிரிங்க சிரிங்க, நானும் சிரிச்சேன். ஜெசிந்தா மட்டும் சிரிக்கல. "அண்ணன் மாட்டிக்குவாரே"ன்னா. எனக்கு அப்ப அது காதுலயே விழல. திங்கக்கிழமை விசாரணையில என்ன பேசறதுன்னு தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன். சனிக்கிழமை முழுக்கப் பேசிப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னால நின்னு நேரம் பார்த்துப் பேசினேன். நாப்பது நிமிஷம் வந்துச்சு. திங்கக்கிழமை காலைல குளிச்சுட்டு வந்து கடைசியா ஒரு தடவை பேசிப் பார்க்கறேன், இவ எங்கேர்ந்தோ வேர்க்க விறுவிறுக்க வந்து, "மெய்யு, ஒண்ணு சொல்லணும்"கறா. மூணு தடவை. மூணு தடவையும் சரியா என் முக்கியமான இடத்துல! "எதுவா இருந்தாலும் விசாரணை முடிஞ்சு சொல்லு, எனக்கு ஃப்ளோ போயிடும்"னேன். விசாரணை முடிஞ்சு வெளிய வந்து கேட்டதுக்கு "நான் சொல்ல வந்தேனே"ன்னா. ஒரு விஷயத்தைச் சொல்லணும்னா சொல்லணும்ல அக்கா? சொல்ல வந்தேன்கறது ஒரு பதிலா?

விசாரணை. துரைக்கண்ணு சார், எச்.ஓ.டி. மேடம், பிரின்சிபால். புரொஜக்டர் கேபிளைப் பிடிச்சுக்கிட்டு கதவோரமா செம்புலிங்கம் அண்ணன். நான் பேசினேன். பிரமாதமாப் பேசினேன், நானே சொல்லக் கூடாது. ஓட்டை எது, துண்டு எது, குவியல் எதுன்னு எல்லாம் சொல்லி முடிச்சு, "ஐயா, வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, இப்பக் கண்ணால பாருங்க. இந்தச் சின்ன லேப்டாப்லேர்ந்து நான் நாலு துண்டு அனுப்பறேன். ஒரு நிமிஷத்துல உங்க சர்வர் படுக்கும். படுத்தா, குத்தம் சர்வர்ல, ஜெசிந்தாகிட்ட இல்ல"ன்னு சொல்லி, தட்டினேன்.

படுக்கல.

மறுபடி தட்டினேன். துரைக்கண்ணு சார் போனை எடுத்துப் பார்த்தார். "ஜோரா ஓடுதேம்மா"ன்னார். இன்னும் நிறைய அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் அனுப்பினேன் அக்கா, மூணு பேரும் கையைக் கட்டிக்கிட்டு என்னையே பார்க்கறாங்க. பிரின்சிபால் சொல்றார்: "காலைலேர்ந்து ஒரு தடவை கூடப் படுக்கல. முந்நூறு பேர் பதிஞ்சிருக்காங்க. விசாரணைன்னதும் யாரோ நிறுத்திட்டாங்க போல." சொல்லிட்டு ஜெசிந்தாவைப் பார்க்கறார்!

நான் திரும்பினேன். ஜெசிந்தா தரையைப் பார்க்கறா. செம்புலிங்கம் அண்ணனைப் பார்த்தேன். மனுஷன் முகத்துல ரத்தம் இல்ல. அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து காலைல எட்டு மணிக்கே சரி பண்ணிட்டாங்க! ரெண்டு நம்பரையும் குறைச்சாச்சு, கேமராவுக்கும் வேற நம்பர் போட்டாச்சு. அன்னிக்குப் பதிவுக்குக் கடைசி நாள், ஆயிரத்து இருநூறு பேர் வருஷம் போயிடும்னு. சரி, நல்ல காரியம்தான், நான் இல்லைங்கல. ஆனா என் ஆதாரம்? என் ஆதாரத்தை அப்படியே கழுவித் துடைச்சு வச்சுட்டாங்களே!

இருந்தாலும் வழி இருந்துச்சு. அண்ணன் வாயைத் திறந்தா போதும். லெட்டர் இல்லாம சர்வரைத் தொட்டேன், இப்படி இருந்துச்சு, இப்படி மாத்தினேன், நம்பர் குழப்பம் என்னாலன்னு ரெண்டு வார்த்தை. அவர் பேசல. சரி, நான் சொல்றேன்னு "சார், இதுக்கு செம்பு..."ன்னு ஆரம்பிக்கறேன், அதுக்குள்ள ஜெசிந்தா எழுந்துட்டா. "சார், நான் எழுதித் தர்றேன் சார்"னா. பேப்பர் கேட்டா. அங்கயே உக்காந்து எழுதினா. இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன், இப்படிக்கு. எது நடக்காது? எதுவுமே நடக்கலையே!

என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டாளா பாருங்க. அவளுக்காகத்தானே பேசினேன்! அன்னிக்கு விட்ட பேச்சுதான், ஒன்பது நாள் ஆச்சு. ஒரே ரூம்ல ஒன்பது நாள் பேசாம இருந்து பார்த்திருக்கீங்களா? கொடுமை. எனக்கு, அவளுக்கு இல்ல. அவ பாட்டுக்குப் படிக்கறா.

அதனாலதான் இந்த மனு. ஒண்ணு ரெண்டு மூணு பக்கம், நடந்தது. நாலாம் பக்கம் முழுக்க செம்புலிங்கம் அண்ணன். அவர் எப்ப வந்தார், எதைத் தொட்டார், நோட்டுல எந்தப் பக்கத்துல அடிச்சுத் திருத்தியிருக்கார், எல்லாம். அஞ்சு ஆறு, வாதம்.

இல்ல, ஜெசிந்தாவுக்குத் தெரியாது. சொன்னா ஒத்துக்க மாட்டா. ஒத்துக்க மாட்டாங்கறதால சொல்லாம இருக்கறது தப்பா அக்கா? அவ நல்லதுக்குத்தானே?

அவருக்கு என்ன ஆகும்? என்ன ஆகும், கூப்பிட்டு விசாரிப்பாங்க. நிரந்தரமா? இல்ல, ஒப்பந்தம்தான். பதினோரு மாசம், ஒரு நாள் நிறுத்தி வச்சு மறுபடி பதினோரு மாசம். இந்த மாசக் கடைசியில முடியுது. புதுப்பிப்பாங்க. அவருக்கு முன்னால இருந்தவரை சர்வரைத் தொட்டார்னு புதுப்பிக்கல, அது வேற விஷயம். அது... சரி, வேற விஷயம் இல்ல. ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நீங்களும் ஒப்பந்தமா? எத்தனை வருஷமா? பதிமூணா! பதிமூணு வருஷமா தற்காலிகமா இருக்கறதை என்னன்னு சொல்றது? நீங்க ஒரு மனு போடணும் அக்கா. நான் எழுதித் தர்றேன். நிஜமா.

சரி, இதைப் பார்க்கறீங்களா? பாருங்க. உங்க தொழில்தானே. விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் சரியா இருக்கா? ...என்ன இல்ல? கடைசிப் பக்கமா? என் கையெழுத்து இருக்கே. ...பாதிக்கப்பட்டவங்க கையெழுத்தா? ஏன், அவளுக்காக நான் குடுக்கறேன். ...அது இல்லன்னா பதிவே பண்ண மாட்டாங்களா? டிரஸ்ட்லயும் அப்படித்தானா? எங்க போனாலும் திருப்பிடுவாங்களா? ஆறு பக்கம் அக்கா! ஆறு பக்கம் எழுதினவ நான், கையெழுத்து மட்டும் அவளுதா?

அதுக்கு நான் அவகூடப் பேசணும். ஒன்பது நாள் கழிச்சு, நானா. முடியாது.

...

கீரனூர் வந்தாச்சு. இன்னும் முக்கா மணி இருக்கு. சரி, ஒரு தடவை போட்டுப் பார்க்கறேன். எடுக்க மாட்டா. எடுத்தாலும்... ஹலோ. ஆமா, நான்தான். பஸ்ல. இல்ல, சண்டை போடல. ஒரே ஒரு கையெழுத்து வேணும். எதுக்குன்னா... இரு, முழுசா சொல்லிடறேன்... ம். ...ம். ...எப்ப? ...ம்.

சரி. வை.

முடியாதுன்னுட்டா அக்கா. "சர்டிபிகேட்ல திருப்திகரம்னு போட்டா போடட்டும், எனக்கே திருப்தியா இருக்கு, உனக்கு என்ன வந்துச்சு?"ன்னா. எப்படிப் பேசறா பாருங்க, பேசவே தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். செம்புலிங்கம் அண்ணனுக்கு இன்னிக்குக் காலைல புதுப்பிச்சு ஆர்டர் வந்துடுச்சாம். அதைச் சொல்லத்தான் என்னைத் தேடினாளாம், ரூம்ல நான் இல்லையாம்.

ஆர்டர் வந்துடுச்சுன்னா இன்னும் பதினோரு மாசத்துக்குத் தூக்க மாட்டாங்கல்ல? அப்ப இப்பப் பேரைச் சொன்னா... சரி சரி, அப்படிப் பார்க்காதீங்க. கேள்விதான் கேட்டேன்.

நான் இங்கயே இறங்கிக்கறேன். திரும்பற பஸ் எதிர்ல நிக்கும். கையெழுத்தை போன்ல வாங்க முடியாது, நேர்ல போய்த்தான் வாதாடணும். இறங்கப் போறேன்னா தோத்துட்டேன்னு அர்த்தம் இல்ல, அதைத் தெளிவா சொல்லிடறேன். வர்றப்ப முட்டை பப்ஸ் மூணு வாங்கிட்டு வரச் சொன்னா. மூணு. அண்ணனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்குன்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன் அக்கா, கேக்கல. அவ எனக்கு இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது?